செப்புத் தகட்டில் மூன்று கேள்வி

ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து நாலு வளைவு தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில், எனக்குச் செய்வினை வைக்கத் தெரியும் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஜீப்பிலிருந்து இறங்கினால் கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். (துணியை வைத்து நான் என்ன செய்துவிடுவேன் என்று நினைக்கிறார்களோ, கேட்கத் தைரியம் வந்ததில்லை.) அவர்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அன்றைக்கு அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னைக் கம்பத்தில் கட்டி வைத்திருப்பேன்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட வேலை பார்க்கும் அப்சலின் மாடி அறையில் நாலைந்து பேர் கூடி ஒரு விளையாட்டு விளையாடுவோம். பலகை கிடையாது, காய் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் திருடி, ஒருவர் வைத்தியர், ஒருவர் வாள்வீரர் என்று ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு கதையை வாயாலேயே நடத்த வேண்டும். பூட்டு திறக்குமா, பூதம் சாகுமா என்பதை இருபது முகம் உள்ள பகடையை உருட்டித் தீர்மானிப்போம். கதையை நடத்தி விதிகளைக் காப்பாற்றுகிறவருக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். அது நான்.

வீட்டில், வேலையில், எங்கேயும் என் பேச்சு எடுபட்டதில்லை. அந்த மேசையில் மட்டும் நான் சொன்னால் மழை பெய்யும். அந்தத் திமிரில், மந்திரப் பொருள்களைச் செய்வதற்கும் எழுப்புவதற்கும் நானே விதிகள் எழுதினேன். விளையாட்டோடு வந்த அச்சுப் புத்தகத்தில் இருந்தது எனக்குப் போதவில்லையாம். ஒரு பொருளைச் செய்ய என்னென்ன சரக்கு வேண்டும், சாதாரண வகைக்கு எத்தனை நாள், அரிய வகைக்கு எத்தனை மாதம், செய்து முடித்ததை எந்தச் சொல் சொல்லி எழுப்புவது, எத்தனை தடவை வேலை செய்யும், யார் கைக்குக் கட்டுப்படும் என்று பதினாறு பக்கம். எல்லாம் தமிழில். கலசப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் மந்திரத்தைப் பற்றித் தமிழில் எழுதினால் அது எப்படி இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினாறு பக்கத்தையும் முழுதாகப் படித்த ஒரே ஆள் மகேஸ்வரி. கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். காலையில் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், "டீ கூடவா குடிக்கல?" என்று இரண்டாம் தடவை கேட்காமல் ஊசியைத் தொடமாட்டாள். விளையாட்டில் அவள் திருடி. யாரையும் நம்பாத திருடி என்பதால், தொட்டவனை உண்மை பேச வைக்கும் ஒரு செப்புத் தகட்டைச் செய்வதற்காக ஆறு மாதமாகச் சரக்கு சேர்த்துக்கொண்டிருந்தாள். நாக ரத்தம் கிடைத்துவிட்டது. செம்பும் கிடைத்துவிட்டது. கடைசிப் படி ஒன்றுதான் பாக்கி. தகடு ஒரு பகல் பொழுது மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வருஷமாக விளையாட்டைத் தாண்டிய பேச்சும் இருந்தது. கட்டினால் இவளைத்தான் என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். அவள் அவசரப்பட்டு எதையும் முடிவு பண்ணுகிற ரகம் இல்லை. அந்த ஆனி மாதம் அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பஸ் கண்டக்டர். அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார். அதற்குள் அவள் அப்பா என்னை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று, பலாப்பழ சீசனைச் சாக்கு வைத்து என்னையும் அப்சலையும் மலைமேல் இருக்கும் தன் ஊருக்குக் கூப்பிட்டாள்.

"எங்கப்பா கீழேருந்து வர்ற யாரையும் நம்பமாட்டாரு," என்றாள். "புளி வாங்க வர்றவன், நெலம் கேக்க வர்றவன், போட்டோ புடிக்க வர்றவன், எல்லாரும் எதையாவது எடுத்துனு போகத்தான் வருவான்னுவாரு. நீ வந்து சாப்ட்டுட்டு, ஒரு தப்பும் பண்ணாம திரும்பிப் போ. அது போதும்."

அது எனக்குப் போதவில்லை. ஒரு கேம் மாஸ்டர் அப்படிச் சாதாரணமாகப் போய்விட்டு வரலாமா? அவள் ஆறு மாதமாகத் தேடும் தகட்டை நிஜமாகவே செய்து, அவள் வீட்டு மண்ணிலேயே புதைத்து, அவளைத் தோண்டி எடுக்க வைக்கத் திட்டம் போட்டேன். அவள் எழுப்பும் சொல்லைச் சொல்லுவாள், கேள்வி கேட்பாள், நான் தகட்டைத் தொட்டுக்கொண்டு என் மனசைச் சொல்லுவேன். இதைவிட அழகான காரியம் உலகத்தில் நடந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். (இருபத்தேழு வயது. அதற்குமேல் மன்னிப்புக் கேட்க என்னிடம் காரணம் இல்லை.)

வேலூரில் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் ஒருவரிடம் உள்ளங்கை அளவு செப்புத் தகட்டையும் ஒரு தாளையும் கொடுத்தேன். அவர் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"யாருக்கு வைக்கப் போறீங்க?"

"ஒரு பொண்ணுக்குங்க."

"அந்தப் பொண்ணு பேரு இதேதானா?"

"ஆமாங்க. மேல பெரிசா வெட்டிடுங்க."

"எங்க வைப்பீங்க?"

"அவங்க வூட்டாண்டதான். வாசப்படி ஓரமா பொதைச்சிடலாம்னு."

அவர் மிஷினை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நானும் ரெண்டு பொண்ணு பெத்தவன். வெட்டித் தர்றேன். ஆனா நான் வெட்டினேன்னு எங்கயும் சொல்லாதீங்க," என்றார். எவ்வளவு அடக்கமான கலைஞர் என்று வியந்தபடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

திருப்பத்தூரில் ஜீப் ஏறி, காலை பத்து மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். மகேஸ்வரியின் அப்பா கோவிந்தசாமி திண்டு திண்டாகத் தோள் இருக்கிற மனிதர். "வாங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா, எல்லாரும் அத்தை என்று கூப்பிடுகிறவர், சாமைச் சோறும் குழம்பும் எடுத்து வைத்தார். பயத்தில் நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "கீழயே சாப்ட்டுட்டு வந்துட்டோங்க," என்றேன். அப்சல் என்னை முறைத்தான், காலையிலிருந்து நாங்கள் ஒரு வடை கூடத் தின்றிருக்கவில்லை. அத்தையின் முகம் மாறியது. விருந்தாளியாகப் போன வீட்டில் கை நனைக்காதவனை எந்த ஊரிலும் சந்தேகப்படுவார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகேஸ்வரி எண்ணெய் வாங்கப் புதூர்நாட்டுக் கடைக்குப் போனாள். அப்சல் செல்போனுக்கு சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறினான். அப்பாவைக் காணவில்லை. அத்தை அடுப்படியில் இருந்தார். இதுதான் சமயம் என்று பையைத் திறந்தேன்.

உள்ளே இருந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கே விளங்கும். செப்புத் தகடு. அதைச் சுற்றி ஒரு சிவப்புத் துணிப்பை, பகடை போட்டு வைக்கிற பை. உள்ளே மூன்று பகடை, எலும்பு நிறத்தில். பிறகு, நாக ரத்தம் வேண்டுமே என்று, எங்கள் கூடத்தில் ரத்தம் பிடிக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியில் சிவப்பாக ரோஸ்மில்க் எசன்ஸ்.

வாசற்படிக்கு வலப்பக்கம் பலாமரத்தடியில் குந்தி உட்கார்ந்தேன். நாலு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு சாவியால் மண்ணைப் பறித்தேன். மறுபடி நாலு பக்கமும் பார்த்தேன். பையைப் புதைத்து மண்ணைத் தள்ளி, மேலே காலால் மிதித்தேன். விதிப்படி எல்லாம் நடக்க வேண்டும் என்று, நான் எழுதிய செய்முறை வாசகத்தையும் ஒரு தடவை முணுமுணுத்தேன். கடைசியாக ஒரு தடவை நாலு பக்கமும் பார்த்துவிட்டு எழுந்தேன்.

மேலே மட்டும் பார்க்கவில்லை. பலாப்பழம் வெட்டக் கயிறும் கொடுவாளுமாக மரத்தில் ஏறியிருந்த கோவிந்தசாமி, கிளையில் உட்கார்ந்தபடி ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கத்தவில்லை. நான் வீட்டுக்குள் போனபிறகு சத்தமில்லாமல் இறங்கி, ஊர்க் கவுண்டர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த ஊரில் எந்த வழக்கானாலும் பேசித் தீர்க்கிறவர் அவர்தான். அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக வந்து வாசலில் உட்காரத் தொடங்கினார்கள். முதலில் நாலு பேர். பிறகு பத்து. பிறகு எண்ணவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

நான் தலையைச் சீவிக்கொண்டேன். அட, மாப்பிள்ளையைப் பார்க்க ஊரே வந்துவிட்டதே, மகேஸ்வரி முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறாள் போலிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்றார் கவுண்டர்.

"கலசப்பாக்கங்க."

"அப்பா அம்மா இன்னா பண்றாங்க?"

"பயிருதாங்க. நெல்லு, கரும்பு."

"நீ இன்னா தொழிலு?"

"ரத்தம்தாங்க," என்றேன் பணிவாக. "வேலூர்ல."

கூட்டத்தில் ஒரு அம்மா குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, வா," என்று கவுண்டர் எழுந்தார். ஊரே எழுந்து பலாமரத்தடிக்கு நடந்தது. அங்கே புது மண்ணைப் பார்த்த பிறகுதான் அவர்கள் மாப்பிள்ளை பார்க்க வரவில்லை என்று எனக்கு உறைத்தது. யாரும் அதைத் தொடமாட்டார்களாம், வைத்தவன்தான் எடுக்க வேண்டுமாம். சாவி எங்கே போனதோ, கையாலேயே தோண்டினேன். சிவப்புத் துணி வெளியே வந்ததும் கூட்டம் ரெண்டு அடி பின்னால் போனது. பகடைகள் உருண்டன. குப்பி வெளியே வந்தது.

"அது இன்னாது?" என்றார் கவுண்டர்.

"நாக ரத்தங்க. இல்லீங்க, ரோஸ்மில்க்குங்க."

"ரெண்டுல எது?"

"ரோஸ்மில்க்குதாங்க. ஆனா ரத்தம்னு வச்சிக்கணும்."

அந்த நேரம் பாறையிலிருந்து இறங்கி வந்த அப்சல் ஒரு பார்வையில் நிலவரத்தைப் புரிந்துகொண்டான். யாரோ அவனிடம், "நீங்க இவரு கூட வந்தவருதானே?" என்று கேட்டார்கள். "ஒரே ஜீப்புல வந்தோம், அவ்ளோதான். யாருன்னே தெரியாதுங்க," என்றான். (எட்டு வருஷமாக அவனோடு நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் தட்டிலிருந்து அவனுக்கு எதுவும் எடுத்து வைப்பதில்லை.)

"தகட்டைப் படி," என்றார் கவுண்டர். படித்தேன்.

"மகேஸ்வரி. இந்தத் தகடு உனக்கு மட்டுமே கட்டுப்படும். நீ சொல்லைச் சொன்னால் விழிக்கும். இதைத் தொட்டவன் மூன்று கேள்விக்கு மெய் சொல்வான். பொய் சொன்ன நாக்கு கல்லாகும்."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். கோவிந்தசாமியின் கை கொடுவாளின் பிடியை இறுக்கியது. அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் போச்சு. கண்டக்டர் வேண்டாம், அவருக்கு முன்னால் நானே எனக்குக் குழி தோண்டிவிட்டேன், அதுவும் கையாலேயே. அழுகை வந்தது. அழுதால் இன்னும் சந்தேகப்படுவார்களோ என்று அடக்கிக்கொண்டேன்.

"இத செய்ய எத்தினி நாளு ஆச்சு?" கவுண்டர் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று விளக்க ஆரம்பித்தேன். அதுதான் அடுத்த தப்பு. "ஆறு மாசங்க. சாதாரண வகைன்னா ஒரு வாரத்துல முடிஞ்சிடும். இது அரிய வகை."

"யாரு கத்துக் குடுத்தது?"

"புத்தகத்துல கீதுங்க. அதுல சரியா இல்லாததால நானே மாத்தி எழுதிக்கிட்டேன்."

"இதுக்கு முன்னாடி எத்தினி பேருக்கு செஞ்சிருக்கே?"

"நாலு பேருக்குங்க. வாரா வாரம் கூடி உக்காந்து செய்வோம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாயை நானே பொத்திக்கொள்ளலாமா என்று தோன்றியது. "ஆனா ஒண்ணுகூட நெசமில்லீங்க. எல்லாம் வாயாலதான்."

"மந்திரம்னா வாயாலதான செய்வாங்க," என்றார் கவுண்டர் நிதானமாக.

எண்ணெய்த் தூக்கோடு மகேஸ்வரி அப்போதுதான் வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, என் கையிலிருந்த தகட்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அவள் எனக்காகப் பேசுவாள் என்று காத்திருந்தேன்.

"கைக்குக் கட்டுப்பட ஒரு மணி நேரம் வச்சிருக்கணும்னு ஒன் விதியிலயே கீதே. அத ஏன் இதுல போடல?" என்றாள்.

ஊர் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அத்தை ஓடிவந்து அவள் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "பாத்தியா, ஏற்கனவே ஏறிடுச்சு," என்று யாரோ முணுமுணுத்தார்கள். மகேஸ்வரி அத்தையின் கையைத் தட்டிவிட்டு, அது ஒரு விளையாட்டு, பகடை உருட்டுவது, ஞாயிற்றுக்கிழமை என்று எவ்வளவோ சொன்னாள். அவள் விளக்க விளக்க அவளையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

கவுண்டர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப்போல விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆளை நான் அப்சலின் மாடியில் கூடப் பார்த்ததில்லை. "இவனே எழுதிக்கிறான், தொட்டவன் மெய் சொல்லுவான்னு. இவனே தொடட்டும். மூணு கேள்வி கேக்கலாம். பொய் சொன்னா நாக்கு கல்லாவுது. கல்லாவலன்னா தகடு சும்மாதான்னு தெரிஞ்சிடும்," என்றார்.

"அந்தச் சொல்ல யாரு சொல்லணும்?" என்றார் கோவிந்தசாமி. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம்.

"அவ பேருதான போட்டுக்கீது. அவதான்."

"அவ சொல்ல வாணாம்."

"அவ சொன்னாதான் விழிக்கும்னு கீதுப்பா," என்றார் கவுண்டர், ஏதோ அரசாங்க உத்தரவைப் படிக்கிற மாதிரி.

மகேஸ்வரி தகட்டை என் கையில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள், வெறும் வயிறு என்று சொல்கிறவர்களைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு பின்பக்கம் வெட்டியிருந்த சொல்லைப் படித்தாள். "வெளிச்சம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அதையெல்லாம் நம்பாதவன் நான். அந்தப் பதினாறு பக்கமும் என் கைப்பட எழுதியது. இருந்தும் அந்த நொடி என் நாக்கு வாய்க்குள் கனத்தது. பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது.

கவுண்டர் தொண்டையைச் செருமி முதல் கேள்விக்குத் தயாரானார். அதற்குள் காலையிலிருந்து மனசுக்குள் வைத்து மருகிக்கொண்டிருந்த அத்தை முந்திக்கொண்டார்.

"ஏம்பா, நெசமாவே நீ சாப்ட்டியா?"

"இல்லீங்க," என்றேன். "காலைலேருந்து ஒண்ணுமில்ல. பயத்துல பொய் சொல்லிட்டேன். பசி உயிர் போவுது."

"ஏம்மே, ஒரு கேள்விய இப்டி வீணாக்கிட்டியே," என்று கவுண்டர் நொந்துபோனார். அது கணக்கில் வராது, அக்கா குறுக்கே பேசியது என்றார் கோவிந்தசாமி. யார் கேட்க வேண்டும் என்று தகட்டில் போடவில்லை, அதனால் கணக்கில் வரும் என்றாள் மகேஸ்வரி. கொஞ்ச நேரம் ஊரே அதைப் பற்றி வாதாடியது. கடைசியில் எழுதியவன் சொல்லட்டும் என்று என்னையே கேட்டார்கள். என் கழுத்துக்கு விலை பேசும்போதும் கேம் மாஸ்டர் கேம் மாஸ்டர்தானே. "கணக்குல வருங்க," என்றேன்.

கோவிந்தசாமி கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரில் வந்து நின்றார்.

"எங்க வூட்டுக்கு எதுக்கு வந்தே?"

"ஒங்க பொண்ண எனக்குக் கட்டிக்குடுப்பீங்களான்னு கேக்க வந்தேங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு கல்லாகிவிடும் என்கிற பயத்தில் வயிற்றில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. "கேக்க தைரியம் இல்லாம இந்தத் தகட்டப் பண்ணினேன். வந்ததுலேருந்து ஒங்களப் பாத்தா கையு காலு நடுங்குது. அவள நான் நல்லா வச்சிப்பேனா தெரியாது, ஆனா அவ இல்லாம என்னால முடியாது. அப்புறம், எனக்குப் பலாப்பழம் புடிக்காதுங்க. வாசன ஆவாது."

கடைசி வாக்கியத்துக்குத்தான் கூட்டம் "அடப்பாவி" என்றது. மற்றதெல்லாம் கூட மன்னிக்கலாம் போலிருந்தது. அத்தை என் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தொட்டுப் பார்த்து, "கல்லாவல," என்று ஊருக்கு அறிவித்தார்.

கோவிந்தசாமி சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியாமல் அவரை நேராகப் பார்த்தாள். பிறகு அவர் என் கையிலிருந்து தகட்டை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"மூணாவது கேள்விய இப்ப கேக்கல. வச்சிக்கிறேன்," என்றார்.

"அப்டி வச்சிக்கலாமா?" என்று கவுண்டர் என்னிடம் கேட்டார்.

பதினாறு பக்கத்தையும் மனசுக்குள் புரட்டினேன். "எத்தினி நாளைக்குள்ளன்னு நான் எழுதலீங்க," என்றேன்.

அன்றைக்கு அத்தை எனக்கு மூன்று தடவை சோறு போட்டார். கோவிந்தசாமி சம்மதம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் கண்டக்டர் வீட்டார் வரவில்லை. வாசலில் தகடு புதைத்த வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு இடம் பார்த்தார்கள், அந்தக் கதை ஜீப்பில் ஏறி அவர்களுக்கு முன்னால் போய் நின்றது. மலையில் வேறு எவனும் அந்த வீட்டுப் படியேற மாட்டான் என்று ஆனபிறகுதான் மாமனார் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். தகட்டை வைத்தவனே வந்து கட்டிக்கொண்டு போகட்டும் என்பதுதான் அவர் சொல்லி அனுப்பிய வாசகம். என் அம்மா அதை என்னவென்று புரிந்துகொண்டார் என்பது தனிக் கதை.

கல்யாணத்தன்று, எல்லாரும் மொய் எழுதிக்கொண்டிருந்தபோது, மாமனார் மகளைத் தனியாகக் கூப்பிட்டு அந்தத் தகட்டை அவள் கையில் கொடுத்தார். "ஒன் பேருதான் போட்டுக்கீது. அந்த ஒரு கேள்வி இனிமே ஒன்னுது. அவசரப்பட்டு கேட்டுடாத," என்றாராம். தங்கத்தைவிட அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியாது, நானும் தேடாத இடம் இல்லை.

ஏழு வருஷம் ஆகிறது. அவள் இன்னும் கேட்கவில்லை. மாலையில் நான் தாமதமாக வந்தால், "எங்க போயிருந்த?" என்பாள். செருப்பைக் கழற்றும் முன்பே நான் கேட்பேன், "இது அந்தக் கேள்வியா, சாதாரணக் கேள்வியா?" சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"சாதாரணக் கேள்விதான்," என்பாள். நான் பதில் சொல்வேன். அவள் ஒரு நாளும் நம்பியதில்லை.